மிஸ்டேக்!

கம்பியும் பெட்டியும் – 11

கம்ப்யூட்டரில் நான் முதன்முதலாக அடித்தது என் பெயரை. என்டரைத் தட்டியதும் அடுத்த வரியில் பதில் வந்தது: ‘மிஸ்டேக்’. சுற்றி நின்ற பையன்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கணக்கு சார் என் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, “அடுத்தவன் வா” என்றார்.

1980களின் நடுப்பகுதி. பம்பாயில், தாராவியிலிருந்து மாட்டுங்காவுக்கு நடந்தே பள்ளிக்குப் போவோம். கம்ப்யூட்டர் ரூமுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வரிசையாக விட வேண்டும், ஆஸ்திக சமாஜம் கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. உள்ளே ஏசி. எங்கள் வீட்டில் ஆறு பேருக்கு ஒரு ஃபேன். இங்கே மெஷினுக்கு ஏசி! ரெக்ஸின் உறையை சார் பக்குவமாக மடித்து எடுப்பார். பழுப்பு நிறப் பெட்டி, கறுப்பு விசைகள், மேல் வரிசையில் மட்டும் பத்து சிவப்பு விசைகள். ஸ்விட்ச் போட்டால் இரண்டு ஸ்தாயியில் ஒரு ‘பீப்’. அந்த ஒலிக்காகவே சிலர் முதல் வரிசைக்கு முண்டியடிப்பார்கள்.

அதன் பெயர் பிபிசி மைக்ரோ. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஏகார்ன் நிறுவனம் செய்தது. 1981 டிசம்பரில் வெளிவந்தது. நாட்டு மக்களுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க பிபிசி தொலைக்காட்சி ஒரு தொடர் எடுத்தது. அதற்குத் துணையாக வந்த பெட்டி இது. உள்ளே 6502 என்ற எட்டு பிட் சிப், 32 கே நினைவகம். இன்று வாட்ஸ்அப்பில் வரும் ‘காலை வணக்கம்’ படம் ஒன்றைக்கூட அதில் முழுசாக அடைக்க முடியாது.

இந்தியாவுக்கு அது ‘கிளாஸ்’ திட்டத்தோடு வந்தது. மத்திய அரசின் மின்னணுத் துறையும் கல்வித் துறையும் சேர்ந்து 1984-85இல் 250 பள்ளிகளில் அதைத் தொடங்கின. கம்ப்யூட்டர் மீது ராஜீவ் காந்திக்கு இருந்த மோகம் ஊரறிந்தது. மொஹாலியில் இருந்த அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் இதே மெஷினுக்கு ‘யூனிகார்ன்’ என்று பெயர் வைத்து உள்நாட்டு வடிவம் ஒன்றையும் கொண்டுவந்தது.

திட்டத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுதான் இருக்கிறது. பிபிசி மைக்ரோ ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர். இங்கிலாந்துப் பையன் அதை டிவியில் சொருகி, டேப் ரெக்கார்டரை மாட்டி, பத்திரிகையில் வந்த புரோகிராமை ராத்திரி முழுக்க அடித்து, நூறு மிஸ்டேக் வாங்கி, நூற்றியோராவது தடவை ஓடவைத்தான். டேவிட் பிரேபன், இயன் பெல் என்ற இரண்டு கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இந்தச் சின்னப் பெட்டிக்குள் ஒரு விண்வெளியையே அடைத்து, 1984இல் ‘எலீட்’ என்ற விளையாட்டாக வெளியிட்டார்கள். எங்களுக்கோ வாரத்துக்கு ஒரு பீரியட், ஒரு மெஷினுக்குப் பத்துத் தலை. தப்புப் பண்ணக்கூட முறை வர வேண்டும். சாரையும் குற்றம் சொல்லிப் பயனில்லை. சில வாரப் பயிற்சியோடு அவரை அனுப்பிவிட்டார்கள். கெட்டுப்போனால் யார் ரிப்பேர் செய்வது என்கிற பயம் அவருக்கு. இரண்டு வருஷத்தில் ரூம் பூட்டியே கிடந்தது.

கையில் காசுள்ள வீடுகளுக்கு வேறு பெட்டிகள் வந்தன. சின்க்ளேர் ஸ்பெக்ட்ரத்தை டெசிபெல்ஸ் என்ற இந்திய நிறுவனம் உரிமம் வாங்கி விற்றது. செம்பூரில் ஒரு நண்பன் வீட்டில் பார்த்திருக்கிறேன். சில தப்புகளுக்கு அது ‘நான்சென்ஸ்’ என்று திட்டும். பிபிசி எவ்வளவோ பரவாயில்லை.

எங்கள் தெருவுக்கு எட்டு பிட் வந்தது 1990களில், டிவி கேமாக. ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் விட்ட ஃபேமிகாமின் நகல்கள் அவை. மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவார்கள். ‘கேசட்’ ஓடவில்லையென்றால் கழற்றி வாயால் ஊதி மறுபடி சொருகுவோம். அந்தப் பெட்டிகளின் மூளையும் பிபிசி மைக்ரோவின் அதே 6502 வம்சம்தான் என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே தெரிந்தது. ஏசி ரூமில் தொடவிடாத சிப்பை எச்சில் தெறிக்க ஊதிக்கொண்டிருந்திருக்கிறோம்!

வம்சத்தின் இன்னொரு கிளைக்கு வருகிறேன். பிபிசி மைக்ரோவுக்கு அடுத்து என்ன என்று ஏகார்ன் தேடியபோது, சந்தையிலிருந்த எந்தச் சிப்பும் அங்கே பொறியாளர்களாக இருந்த சோஃபி வில்சனுக்கும் ஸ்டீவ் ஃபர்பருக்கும் திருப்தி தரவில்லை. 1983இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகருக்குப் போனார்கள். 6502க்கு அடுத்த தலைமுறையை வடிவமைக்கிற நிறுவனம் அங்கே இருந்தது. பெரிய ஆலையை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கண்ணில் பட்டது சாதாரணமான ஒரு புறநகர் வீடு, உள்ளே சொற்பப் பேர். இவர்களால் முடியுமென்றால் நம்மாலும் முடியும் என்று திரும்பினார்கள். ஒற்றை அறைக்குள் தொழிற்சாலை நடத்துகிற தாராவிக்காரனுக்கு இந்தக் கதை அவ்வளவு ஆச்சரியமாக இராது.

வில்சன் புதுச் சிப்பின் கட்டளைகளை பிபிசி மைக்ரோவில், பேசிக் மொழியில் எழுதிப் பரிசோதித்தார். செலவு குறைய வேண்டும் என்பதால் பீங்கான் கூட்டுக்குப் பதில் பிளாஸ்டிக் கூடு. பிளாஸ்டிக் சூடு தாங்காதே என்று மின்சாரத்தைச் சிக்கனமாகக் குடிக்கும்படி வடிவமைத்தார்கள். 1985 ஏப்ரல் 26ஆம் தேதி முதல் சிப் வந்தது. முதல் தடவையே ஓடியது. பெயர் ஆர்ம்: ஏகார்ன் ரிஸ்க் மெஷின். இன்று உலகில் விற்கிற அநேகமாக எல்லா ஸ்மார்ட்போனுக்குள்ளும் இருப்பது அதன் வாரிசு. எங்கள் சார் உறை போட்டு மூடி வைத்த பெட்டியின் பேரப்பிள்ளை.

போன வாரம் தாராவிக்குப் போயிருந்தேன். தேர்ட்டீன் காம்பவுண்டில் உடைந்த கீபோர்டுகள் மூட்டை மூட்டையாகக் கிடந்தன. துண்டைக் கொளுத்தி, புகையை மோந்து பார்த்து, இது இன்ன பிளாஸ்டிக் என்று பிரித்துக்கொண்டிருந்தார் ஒருவர். சிவப்பு விசை எதுவும் கண்ணில் படுகிறதா என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். இல்லை.

அங்கிருந்து நைன்ட்டி ஃபீட் ரோட்டில் செல்போன் ரிப்பேர் கடை ஒன்றில் உட்கார்ந்தேன். தம்பிக்கு இருபத்திரண்டு வயசு இருக்கும், திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம். டெட் ஆன போனின் போர்டை கிளிப்பில் மாட்டி, பவர் சப்ளையின் ஆம்பியர் எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். எண் ஏறினால் எங்கோ ஷார்ட். அசையாமல் நின்றால் கரண்ட் உள்ளேயே போகவில்லை. பிறகு ஹீட் கன்னை எடுத்து, ட்வீசரால் ஒரு பொட்டு ஐசியைத் தூக்கினான். ஒன்று கருகியது. “போவட்டும்” என்று தட்டில் தள்ளிவிட்டு இன்னொன்றை எடுத்தான்.

அவனிடம் ஃபர்பரின் கதையைச் சொன்னேன். முதல் ஆர்ம் சிப் ஓடிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று மீட்டர் வைத்து அளந்தார் ஃபர்பர். மீட்டர் பூஜ்யம் காட்டியது. சிப்போ வேலை செய்துகொண்டிருக்கிறது. மனுஷன் குழம்பிப்போனார்...

தம்பி தலையை நிமிர்த்தவே இல்லை.

“போர்டுல சப்ளை லைன் கட் ஆயிருக்கும் அண்ணாச்சி. சிக்னல் லைன் வழியா லீக்காகி வர்ற கரண்ட்லயே ஓடியிருக்கும். பாத்துட்டாவளா, இல்லையா?”

பார்த்துவிட்டார்கள். அதேதான் நடந்திருந்தது.