"செத்தேன் தாத்தா!": பேரன் அனுப்பிய ஒரு வார்த்தையும் தூங்காத ஓர் இரவும்

நகரி:

அன்று எனக்கு இரவு ஷிப்டு. விடியற்காலை 5 மணி இருக்கும். டிக்கெட் கவுண்டர் முன்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார்.

"சென்னைக்கு ஒண்ணு குடுங்க தம்பி. முதல் வண்டி எப்போ?"

பணத்தை நீட்டிய கை நடுங்கியது. நகரியில் விசைத்தறி ஓட்டுகிறவர். வயது 70-ஐ நெருங்கிவிட்டது. பேரன் சென்னையில் விடுதியில் தங்கி என்ஜினீயரிங் படிக்கிறான்.

"என்ன ஐயா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன். அவர் பதில் பேசவில்லை. செல்போனைக் கவுண்டருக்குள் நீட்டினார்.

பேரன் முந்தின இரவு 11 மணிக்கு அனுப்பிய செய்தி: "செத்தேன் தாத்தா". பக்கத்திலேயே ஒரு மண்டையோட்டுப் படம். அதற்குப் பிறகு இவர் எத்தனை முறை கூப்பிட்டும் பையன் போனை எடுக்கவில்லை. அன்றுதான் அவனுக்குப் பரீட்சை முடிவு வரும் நாள். பெரியவர் இரவு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்தே இருந்திருக்கிறார்.

நான் செய்தியை மேலே தள்ளிப் பார்த்தேன். அதற்கு முன்னால் இவரே பேரனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தார். பேத்தியின் காதுகுத்துப் படம். மடியில் குழந்தை பேசாமல் இருக்கிறது. மடியில் வைத்திருக்கும் தாய்மாமன் வாயைத் திறந்து அழுகிறார்! அந்தப் படத்துக்குத்தான் "செத்தேன் தாத்தா" என்று பதில் வந்திருக்கிறது.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. "ஐயா, பயப்படாதீங்க. சிரிச்சு சிரிச்சு செத்தேன்னு எழுதியிருக்கான். இந்த மண்டையோட்டுக்கும் இப்போ அதுதான் அர்த்தம்" என்றேன். அவர் நம்பவில்லை. மறுபடியும் கூப்பிடச் சொன்னேன். மூன்றாவது முறை பையன் எடுத்தான்.

"என்ன தாத்தா, இந்நேரத்துல?"

பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். டிக்கெட் வாங்கவில்லை. போகும்போது ஒன்று கேட்டார்: "சாகிறதுல என்னப்பா சிரிப்பு இருக்குது?"

"சிரிச்சு சிரிச்சு வயிறு புண்ணாப் போச்சுன்னு நாம சொல்றதில்லையா ஐயா? வயிறு புண்ணாவா போச்சு?" என்றேன். லேசாகச் சிரித்தார். அதன் பிறகுதான் எனக்கும் மூச்சு வந்தது.

நன்னூலிலேயே இருக்கிறது

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் பேசுவது ஒன்றும் புரியவில்லை" என்று சொல்லாத பெரியவர் இல்லை. ஆனால் ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் தனிச் சொல் வைத்துப் பேசுவது புதிய பழக்கம் அல்ல. 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல் இதற்குப் பெயரே கொடுத்திருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று உரைகாரர்கள் உதாரணம் தருகிறார்கள்.

எங்கள் ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். அரக்கோணம் எங்களுக்கு ஏ.ஜே.ஜே. ரேணிகுண்டா ஆர்.யூ. பக்கத்து ஸ்டேஷனான வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டையின் பெயர் ஆங்கிலத்தில் 28 எழுத்து. எங்கள் கணக்கில் அது மூன்றே எழுத்து. மெட்ராஸ் என்ற பெயர் 1996-ல் சென்னை ஆனது. சென்ட்ரலின் குறி மட்டும் இன்னும் எம்.ஏ.எஸ். தான். டிக்கெட்டைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் சார்?" என்று கேட்கும் கல்லூரி மாணவர்கள் உண்டு. அப்போது நாங்கள்தான் அவர்களுக்குப் புரியாத பாஷை பேசுகிறவர்கள்!

எல்லை ஊர்க்காரர்களுக்கு இது புதிதா?

1953-ல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் இந்தப் பக்கம் வந்தது. 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி, அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நகரி ஆந்திராவிலேயே நின்றது. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு என்று எத்தனையோ குடும்பங்களில் இரண்டு தலைமுறை ஓடிவிட்டது.

பிழைப்புக்காகப் பிறகு வந்த தமிழர்களும் அப்படியே. புத்தூரில் கணக்கு எழுதும் ஒருவர் 30 வயதுக்கு மேல் இங்கே வந்தவர். "முதல் மாசம் கடைக்காரர் சொல்றது எதுவும் புரியாது. வெட்கப்படாமல் 'அப்படீன்னா என்னங்க?'ன்னு கேட்பேன். கேட்டுக் கேட்டுத்தான் தெலுங்கு வந்தது" என்றார். "உங்கள் மகள் பேசுவது புரியாவிட்டால் கேட்பீர்களா?" என்று கேட்டேன். "அவகிட்ட கேட்க கௌரவம் இடம் கொடுக்கலை" என்று ஒப்புக்கொண்டார். அந்நியரிடம் கேட்ட கேள்வியைச் சொந்த மகளிடம் கேட்க முடியவில்லை!

சொற்கள் எல்லை பார்ப்பதில்லை. சென்னையில் 'நைனா' என்கிறார்களே, அது தெலுங்கில் தகப்பனாரைக் குறிக்கும் 'நாயனா'. திருமலையில் கூட்டத்தை நகரச் சொல்லும் 'ஜருகண்டி' இன்று தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் கேலிப் பேச்சில் புகுந்துவிட்டது.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு கதை உண்டு. 2021 டிசம்பரில் 'புஷ்பா' படம் வந்தது. செம்மரக் கடத்தல் கதை. அதில் அல்லு அர்ஜுன் பேசியது நம் சித்தூர் யாச. கிழவர்களின் பட்டிக்காட்டுப் பேச்சு என்று பேரப்பிள்ளைகள் கேலி செய்த அதே பேச்சு! அதில் வரும் 'தக்கேதே லே' (பணியவே மாட்டேன்) நாடு முழுவதும் இளைஞர் வாயில் புகுந்தது. 2023-ல் அறிவித்த தேசிய விருதுகளில் சிறந்த நடிகர் விருதும் அந்த வேடத்துக்குக் கிடைத்தது. தாத்தாவின் பேச்சு ஒரே ஆண்டில் பேரனுக்கு நாகரிகமாகிவிட்டது.

சில சொற்கள், சில விளக்கங்கள்

பெரியவர்களுக்கு உதவும் என்று, பிள்ளைகளிடம் கேட்டுச் சில சொற்களை எழுதி வந்தேன்.

மொக்கை: மழுங்கிய கத்தியை மொக்கை என்போம். ரசிக்காத படமும் சிரிப்பு வராத நகைச்சுவையும் இப்போது மொக்கை.

பல்பு வாங்குவது: கடைக்குப் போக வேண்டாம். நாலு பேர் முன்னால் அசடு வழிவது.

வேற லெவல்: மிகப் பெரிய பாராட்டு. மருமகள் உங்கள் குழம்பை இப்படிச் சொன்னால் கோபிக்காதீர்கள்.

கிராக்: இங்கேதான் கவனம் தேவை. தமிழில் 'கிராக்கு' என்றால் பைத்தியம். தெலுங்குப் பிள்ளைகள் 'கிராக்' என்றால் பிரமாதம் என்று பொருள்.

தோப்பு: மாந்தோப்பு அல்ல. தெலுங்குப் பையன் "நீ தோப்பு" என்றால் நீ பெரிய ஆள் என்கிறான்.

லைட் தீஸ்கோ: விளக்கை எடுக்கச் சொல்லவில்லை. பெரிதாக எடுத்துக்கொள்ளாதே என்கிறான்.

ரிஸ்: பிறரைக் கவர்ந்து இழுக்கும் திறமை. 'கரிஸ்மா' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதி. ஆக்ஸ்போர்டு அகராதிக்காரர்கள் 2023-ம் ஆண்டின் சொல்லாக இதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பூமர்: இது நம்மைப் பற்றியது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1946 முதல் 1964 வரை அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு வைத்த பெயர். 2019 நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயதுப் பெண் உறுப்பினர் ஒருவர், தன் பேச்சில் குறுக்கிட்டவரை "ஓகே பூமர்" என்று அடக்கியது உலகச் செய்தியானது. நம் ஊரில் புத்தி சொல்லும் எவரும் பூமர்தான். எனக்கு வயது 36. என் அக்காள் மகன் எனக்கே அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிட்டான்.

விளையாட்டு எது, வினை எது?

சிரித்துவிட்டுப் போகும் விஷயம் மட்டும் அல்ல இது. 2025 மார்ச்சில் 'அடோலசென்ஸ்' என்ற பிரிட்டிஷ் தொடர் வந்தது. சக மாணவியைக் கொன்றதாக 13 வயதுச் சிறுவன் கைதாகும் கதை. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் அனுப்பிய சின்னப் படங்களின் பொருள் போலீஸ் அதிகாரிக்கு விளங்கவில்லை. அவருடைய மகன் வந்து சொல்லித்தான் விளங்குகிறது. கற்பனைக் கதைதான். ஆனால் எத்தனை வீடுகளில் இது நிஜம்!

ஆபத்து இரண்டு பக்கமும் இருக்கிறது. விளையாட்டை நிஜம் என்று நினைத்தால் ஓர் இரவுத் தூக்கம் போகும். நிஜத்தை விளையாட்டு என்று நினைத்தால் பிள்ளையே போய்விடலாம். "சாகலாம் போல இருக்கு" என்ற வார்த்தையை 10 முறை வேடிக்கையாகச் சொல்லும் பையன், 11-வது முறை உண்மையாகவே சொல்லலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பதியில் 30 ஆண்டு பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் சொன்னார்: "எழுத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். கூப்பிட்டுக் குரலைக் கேளுங்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது."

மனம் தளர்ந்தவர்களுக்காக மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி-மானஸ்' தொலைபேசி எண் 14416. கட்டணம் கிடையாது. தமிழிலும் பேசலாம், தெலுங்கிலும் பேசலாம். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று வாங்கி ஒன்று கொடு

பெரியவர்கள் பிள்ளைகளைப் போலவே பேச வேண்டுமா? வேண்டாம். கல்லூரி மாணவி ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள்: "அப்பா எங்க வார்த்தையைப் பேசினா எங்களுக்கே கூச்சமா இருக்கு சார். அர்த்தம் கேட்டா சந்தோஷமா சொல்லுவோம்." புரிந்துகொண்டால் போதும்.

அந்தத் தறிக்காரப் பெரியவரைப் பொங்கலுக்கு முந்தின நாள் பிளாட்பாரத்தில் பார்த்தேன். பேரனை அழைத்துப் போக வந்திருந்தார். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஓர் ஒப்பந்தமாம். பேரன் ஒரு புதுச் சொல் சொல்ல வேண்டும். தாத்தா பதிலுக்கு ஒரு தறிச் சொல் சொல்ல வேண்டும். "தறி வீட்டுல பொறந்தவன் தம்பி. நாடான்னா தலையில கட்டற ரிப்பன்னு நினைச்சிருக்கான். பாவு எது, ஊடை எதுன்னு இப்பதான் தெரியும்" என்று சிரித்தார்.

"மண்டையோடு இப்பவும் வருதா ஐயா?"

"வருது. வந்த உடனே கூப்பிட்டுடுவேன். 'சிரிச்சு செத்தியா, இல்ல வேற ஏதாவதா?'ன்னு கேட்பேன். 'சிரிச்சுதான் தாத்தா'ன்னு சொல்லுவான். அந்தக் குரலைக் கேட்டுட்டுப் படுத்துடுவேன்."

வண்டி வந்து நின்றது. பேரன் பையோடு இறங்கினான். பெரியவர் என்னை மறந்துவிட்டு, அவனை நோக்கி நடந்தார்.