பக்தியும் வாக்குச் சுதந்திரமும்

கொன்றைவேந்தனைக் கேளாத செவி நம் கரிசற் சீமையில் அரிது. புதூர், கோவிற்பட்டி முதலிய ஊர்களில் ஆத்திசூடியை அடுத்துப் பிள்ளைகள் ஓதுவது அந்நூலே. அதனையும் நீதிவெண்பா, உலகநீதி என்பவற்றையும் தரங்கம்பாடி மிஷனெரி சீகன்பால்கு ஐயர் 1708-ஆம் ஆண்டிலேயே ஜெர்மன் மொழியிற் பெயர்த்தனர் என்பதைப் பலர் அறியார். தமிழரிடத்தும் ஒழுக்க அறிவு உண்டென ஐரோப்பியர்க்குக் காட்டுதல் அவர் கருத்து. பின்னர் 1713-இல் தென்னிந்தியத் தெய்வங்களைப்பற்றிப் பெருநூலொன்று எழுதி, ஜெர்மனியிலுள்ள ஹாலே நகருக்கு அனுப்பினர். அங்கே மிஷன் பணியைத் தாங்கிநின்ற பிராங்கே ஐயர், திக்கற்ற பிள்ளைகளைப் புரந்த புண்ணியர். எனினும், அஞ்ஞானத்தை அகற்றச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாதென்று அந்நூலை அச்சிட மறுத்துவிட்டனர்.

அதே ஹாலேயில் மற்றொரு வழக்கும் எழுந்தது. அந்நகர்ப் பல்கலைக்கழகத்துத் தத்துவ ஆசிரியர் வோல்ப், 1721-இல் சீனரின் ஒழுக்க நூலைக் குறித்து ஒரு பேருரை ஆற்றினர். வேத வெளிப்பாடு பெறாத கன்பூசியஸ் முதலியோரும் இயற்கை அறிவினாலேயே நல்லறத்தை உணர்ந்தனர் என்பது அதன் சாரம். பக்திமான்கள் வெகுண்டனர். 1723-இல் பிரஷ்ய மன்னர் பிரடெரிக் வில்லியம், 48 மணி நேரத்துள் நாட்டைவிட்டு அகலாவிடின் தூக்குத் தண்டனை என்று கட்டளையிட்டனர். வோல்ப் மார்பர்க் நகரம் புகுந்தார்.

இரு வழக்கிலும் வினா ஒன்றே: பிற சமயத்தாரிடத்தும் நன்மை உண்டெனக் கூறுதல் பக்திக்கு ஊறாகுமோ? ஆகாதென்பதற்குரிய நியாயத்தை ஒல்லாந்து தேசத்து ஸ்பினோசா, 1670-இல் தம் பெயரை மறைத்து வெளியிட்ட நூலில் முன்னரே விரித்திருந்தார். பக்தியாவது கொள்கைகளை ஒப்பித்தலன்று. நீதியும் பிறரன்புமாகிய நடக்கையே. ஆதலின் கருத்து வேறுபட்டமை ஒன்றினாலே ஒருவன் பக்தியற்றவன் ஆகான். வாயை அடைப்பதால் உள்ளம் மாறுவதில்லை. நினைப்பது ஒன்றும் சொல்வது மற்றொன்றுமாக வாழும் பொய்ம்மையே பெருகும். (அரசைக் குலைக்கும் பேச்சுக்கு அவரும் இடங்கொடார்.) இந்நூலும் 1674-இல் தடைசெய்யப்பட்டது.

இவ்வளவுகோலாற் பார்க்குமிடத்து, பிராங்கே ஐயரின் பக்திக்குச் சான்று அவர் புரந்த பிள்ளைகளேயன்றி, அவர் மறுத்த ஏடன்று என்பது நம் துணிபு. வோல்ப் வெளியேறியதால் எவருடைய விசுவாசமும் உறுதிப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. அவர் புகழே வளர்ந்தது. 1740-இல் புதிய மன்னர் அவரை ஹாலேக்கே மீண்டும் அழைத்துக்கொண்டனர். சீகன்பால்கு ஐயரின் தெய்வ வரலாறோ 1867 வரை காத்திருந்து சென்னையில் அச்சேறிற்று. அதனைப் பதிப்பித்த கெர்மான் என்பாரும் ஒரு மிஷனெரியே. கொன்றைவேந்தன் பெயர்ப்பு அச்சுக்கண்டது 1930-இல்.