அம்மாவின் முழங்கை அளவு

காலை நேர நிகழ்ச்சி முடிந்து வழக்கமாக நான் வீடு திரும்பப் பிற்பகல் ஆகிவிடும். ஒருநாள் கூட்டம் ரத்தானதால் பதினொரு மணிக்கே வந்துவிட்டேன். சமையலறையில் அம்மா சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தார். ஏதோ வித்தியாசமாகத் தெரிந்தது. அம்மா கொஞ்சம் உயரமாக இருந்தார்.

குனிந்து பார்த்தேன். காலுக்குக் கீழே ஒரு மணைப் பலகை. பூசைக்கு உட்காரும் பழைய பலகை.

“எத்தனை நாளாம்மா இப்படி?”

“புது மேடை போட்டதிலிருந்துதான். எனக்குக் கொஞ்சம் எட்டமாட்டேங்குது.”

புது மேடை போட்டு எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. இடையில் வலது தோள் வலிக்கிறது என்று அம்மா இருமுறை பலதுறை மருந்தகத்துக்குப் போய்வந்தார். 68 வயது, வலி வரத்தான் செய்யும் என்று நானும் இருந்துவிட்டேன். ஊடகம் படித்து, வானொலியில் தினமும் நாலு பேரிடம் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்குகிறவள் நான். அந்தச் சமையலறையில் நாற்பது ஆண்டுகளாக நிற்பவரிடம் ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

பழைய மேடையின் கதை

எங்கள் ஈசூன் நாலறை வீட்டுக்கு அப்பாவும் அம்மாவும் 1987ல் குடிவந்தார்கள். அந்தக் காலத்து வீவக வீடுகள் பலவற்றில் இருந்ததுபோல எங்கள் அடுப்பு மேடையும் செங்கல் சுவர்மேல் சிமெண்டுப் பலகை போட்டு, வெள்ளை ஓடு பதித்ததுதான். ஓடுகளின் இடுக்கில் மஞ்சள் கறை ஏறி, சிங்க் ஓரத்தில் நான்கைந்து ஓடுகள் பெயர்ந்து, கரப்பான் பூச்சிகள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தன. இணையத்தில் பார்த்த படம் ஒன்றைக் குத்தகையாளரிடம் காட்டி, வெள்ளை குவார்ட்ஸ் கல் கேட்டேன். உயரம்? “எல்லா வீட்டுக்கும் 90 செண்டிமீட்டர்தான்” என்றார். தலையாட்டினேன். ஒரே காலையில் பழைய மேடை உடைந்து மூட்டைகளில் போய்விட்டது.

பலகையைப் பார்த்த அன்றுதான் அம்மா சொன்னார். அந்த மேடையைக் கட்டியபோது, அப்பா அம்மாவைச் சுவரோரம் நிற்கவைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, அதற்குக் கொஞ்சம் கீழே பென்சிலால் கோடு போட்டாராம். அந்தக் கோட்டில்தான் மேடை நின்றது. பழைய படம் ஒன்றை வைத்துக் கணக்குப் போட்டால் 80 செண்டிமீட்டருக்குள் இருந்திருக்கும். அப்பா இப்போது இல்லை. அவர் எடுத்த அளவையும் நான் மூட்டை கட்டி அனுப்பிவிட்டேன்.

உயரத்தை எப்படி முடிவு செய்வது?

அப்பா செய்தது சரியான கணக்கு. நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால், அதிலிருந்து 10 முதல் 15 செண்டிமீட்டர் கீழே இருப்பதுதான் நறுக்கவும் பிசையவும் ஏற்ற உயரம். அம்மா 150 செண்டிமீட்டர் உயரம். முழங்கை 93ல் இருக்கிறது. அப்படியானால் மேடை 78க்கும் 83க்கும் இடையில் இருக்கவேண்டும். 90 எனக்குத்தான் பொருந்தும். ஆனால் நான் அங்கே செய்வதெல்லாம் காப்பி கலக்குவது மட்டும்.

அடுப்புப் பக்கம் இன்னும் கவனம் தேவை. மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் பானை. கிளறும் கை மேடையைவிட ஒரு சாண் மேலே நிற்கிறது. அம்மாவின் தோள் வலிக்குக் காரணம் தேட வெகுதூரம் போகவேண்டியதில்லை. சிங்க் பக்கம் கதை வேறு. தொட்டியின் அடிப்பாகம் மேடையைவிட 20 செண்டிமீட்டர் கீழே இருப்பதால், அங்கே மேடை சற்று உயரமாக இருப்பதே முதுகுக்கு நல்லது. ஒரே சமையலறையில் இரண்டு உயரம் வைப்பது தவறே இல்லை.

நல்லவேளையாக எங்கள் கல் இரண்டு துண்டாக மூலையில் இணைக்கப்பட்டிருந்தது. அடுப்புப் பக்கத் துண்டை மட்டும் மெதுவாகப் பெயர்த்து, கீழே இருந்த அலமாரியின் 15 செண்டிமீட்டர் கால்களுக்குப் பதில் 6 செண்டிமீட்டர் கால்கள் பொருத்தினார்கள். மேடை 81க்கு இறங்கியது. எரிவாயு இணைப்பைக் கழற்றி மாட்ட உரிமம் பெற்ற ஊழியர் வந்தார். எல்லாம் சேர்த்து 900 வெள்ளி. முதலிலேயே கேட்டிருந்தால் ஒரு காசும் ஆகியிருக்காது.

நம் சமையலுக்கு எந்தக் கல்?

படத்தில் அழகாக இருக்கும் கல்லெல்லாம் நம் சமையலுக்குத் தாங்காது. நம் வீட்டில் புளி சிந்தும், மஞ்சள் ஒட்டும், வடை சுட்ட வாணலி அப்படியே மேடையில் இறங்கும்.

பளிங்கு: புளி, எலுமிச்சைச் சாறு பட்டால் பளபளப்பு போய்விடும். துடைத்தாலும் அந்தத் தடம் மறையாது.

கிரானைட்: சூட்டைத் தாங்கும். ஆனால் சில வகைகள் எண்ணெயை உறிஞ்சும். மேல்பூச்சு தேவையா என்று பார்க்க, நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுக் கால் மணி நேரம் காத்திருங்கள். அந்த இடம் கறுத்தால் தேவை.

குவார்ட்ஸ்: கறை எளிதில் ஏறாது. ஆனால் கல்தூளைப் பிசினோடு சேர்த்துச் செய்வது. 150 பாகை செல்சியசுக்கு மேல் சூடு பட்டால் நிறம் மாறலாம். பொரிக்கும் எண்ணெயே 180 பாகையில் இருக்கும். எங்கள் வெள்ளைக் கல்லில் இப்போது பழுப்பு நிறத்தில் ஒரு பிறை இருக்கிறது.

சின்டர்ட் ஸ்டோன்: சூடு, கறை இரண்டையும் தாங்கும். விலை அதிகம். கனமான பாத்திரம் இடித்தால் ஓரம் உடையக்கூடும்.

லாமினேட்: விலை குறைவு. ஓரத்தில் தண்ணீர் இறங்கினால் உள்பலகை ஊதிவிடும்.

தூசியை மறக்காதீர்கள்

குவார்ட்ஸ் கல்லில் சிலிக்கா 90 விழுக்காட்டுக்கு மேலும் இருக்கலாம். அதை உலர்வாக அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் என்ற நோயைத் தரும். அதற்குச் சிகிச்சை உண்டே தவிர முழுக் குணம் இல்லை. இதனால்தான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் இந்தக் கல்லைத் தடை செய்தது. மேடையாகப் பொருத்திய பிறகு வீட்டாருக்கு ஆபத்தில்லை. அறுப்பவருக்குத்தான் ஆபத்து. அளவெடுத்துப் பட்டறையிலேயே அறுத்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டில் சின்ன வெட்டு தேவைப்பட்டாலும் தண்ணீர் விட்டு அறுக்கட்டும், முகக்கவசம் போடட்டும். தாழ்வாரத்தில் வெள்ளைத் தூசி பறக்க ஓர் இளைஞர் வெறும் முகத்தோடு எங்கள் கல்லை அறுத்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அன்று வாய் திறக்காதது இன்றும் உறுத்துகிறது.

அக்கம்பக்கத்தாரையும் நினைக்கவேண்டும். வீவக வீடுகளில் உடைப்பது, ஓடு அறுப்பது போன்ற இரைச்சலான வேலைகளை வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 வரை மட்டுமே செய்யலாம். உடைப்பு வேலைக்குக் கழகத்தின் அனுமதியும் பதிவுபெற்ற குத்தகையாளரும் தேவை.

குளியலறையில்

குளியலறை மேடையில் சூடு பிரச்சினை இல்லை, ஈரம்தான் பிரச்சினை. கல்லும் சுவரும் சேரும் இடத்து சிலிக்கோன் கறுத்தால், மேலேயே புதிதாகப் பூசாமல் பழையதைச் சுரண்டி எடுத்துவிட்டுப் பூசுங்கள். கூர்மையான மூலைகளை வளைவாக்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக, வயதானவர்கள் எழும்போது கைகழுவும் மேடையைப் பிடித்துத்தான் எழுகிறார்கள். அது அந்தப் பாரத்துக்குச் செய்ததல்ல. பிடிமானக் கம்பி வேண்டும். 65 வயது ஆனவர் இருக்கும் சிங்கப்பூரர் குடும்பங்களுக்கு வீவகவின் ‘ஈஸ்’ திட்டத்தில் கம்பியும் வழுக்காத தரைப்பூச்சும் கிடைக்கின்றன. பெரும்பகுதிச் செலவை அரசாங்கமே ஏற்கிறது. இந்த முறை அம்மாவையே நிற்கவைத்து, கை எங்கே போகிறது என்று பார்த்துத்தான் கம்பிக்கு இடம் குறித்தோம்.

மணைப் பலகை மீண்டும் பூசை அறைக்குப் போய்விட்டது. தோள் வலி முழுதாகப் போகவில்லை, குறைந்திருக்கிறது. “இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா” என்றேன்.

“நீ ஆசையாச் செஞ்சே. எப்படிச் சொல்றது?” என்றார்.

அவர்கள் சொல்லமாட்டார்கள். நாம்தான் கேட்கவேண்டும், கல்லுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்பே.