மடிக்கணினிக்குள் ஒரு வெள்ளோட்டம்

இலங்கையின் ஒலுவில் துறைமுகம் 2013 செப்டெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. வாயிலை மணல் மூடியதும் வடக்கே கரை அரிபட்டதும், அலைத்தடுப்புகள் எழுந்த பிறகு கடல் காட்டிக்கொடுத்த சங்கதிகள். இணையச் செயலிக்கு அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை; ஊருக்கு விடுமுன் மடிக்கணினியிலேயே வெள்ளோட்டம் பார்க்கலாம்.

அதே ஊரில்தான் 1996 இல் பல்கலைக்கழகத் தரம் பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே படிக்கும் ஒருவர் கீரி, சூரை, பாரை மீன்களின் விலைகளைக் காட்டும் இணையச் செயலி ஒன்றை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். எழுதும் நேரத்தில் அவர் பார்ப்பது பட்டறையை. ஒரு வரியை மாற்றினால் திரையும் உடனே மாறும். 2020 இல் எவன் யூ வெளியிட்ட ‘வீட்’ என்ற கருவிக்கு இது கைவந்த கலை.

வேலை முடிந்ததும் ‘என்பிஎம் ரன் பில்ட்’ என்று கட்டளை கொடுக்கிறார். சிதறிக் கிடந்த கோப்புகள் ஒன்றுசேர்ந்து, வெற்று இடமும் குறிப்புகளும் கழிக்கப்பட்டு, ‘டிஸ்ட்’ கோப்புறையில் வந்து விழுகின்றன. ஊருக்குப் போகப்போவது இந்தப் பண்டம்தான். இதை இன்னும் அவரே பார்க்கவில்லை!

அங்குள்ள இன்டெக்ஸ் கோப்பை மௌஸால் இரண்டு தட்டுத் தட்டித் திறந்தால் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் திரைதான். நிரலும் படங்களும் ஒரு சேர்வர் வழியாக வரும் என்று பிரவுசர் காத்திருக்கும்; அங்கே சேர்வரே இல்லை. ‘என்பிஎம் ரன் பிரிவியூ’ என்று தட்டினால் மடிக்கணினியே சிறு சேர்வராகிறது. கறுப்புத் திரையில் ‘லோக்கல்ஹோஸ்ட்’, அதன் பின்னால் 4173 என்ற போர்ட் இலக்கம். பட்டறைக்கு உரியது 5173. ரோமன் ஐந்தை ‘வி’ என்றும் மற்ற இலக்கங்களை ‘ஐ’, ‘டி’, ‘ஈ’ என்றும் வாசித்தால் கருவியின் பெயரே வரும். புரோகிராமர்களின் குறும்பு!

கட்டளையின் கடைசியில் ‘ஹோஸ்ட்’ என்ற சொல்லையும் உரிய கோடுகளோடு சேர்த்தால், அதே வைஃபையில் இருக்கும் ஃபோனிலும் பார்க்கலாம். ‘கிலோ விலை’ என்ற தலைப்பு சின்னத் திரையில் பாதி வெட்டுப்படுவது அங்கேதான் தெரியும். திருத்தியபின் மறுபடி ‘பில்ட்’ கொடுக்க மறந்தால், பிரிவியூ பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

பிரிவியூவிலும் தப்பும் பிழைகள் உண்டு. படத்தின் பெயர் பெரிய எழுத்தில், நிரலிலோ சிறிய எழுத்தில். விண்டோஸ் இதைக் கண்டுகொள்ளாது. இணையத்தில் பெரும்பாலான சேர்வர்கள் ஓடும் லினக்ஸுக்கு அவை இரண்டு வேறு பெயர்கள். செயலியை ஏற்றிய அன்று கீரி மீன் படம் இருந்த இடத்தில் வெறும் கட்டம். “என்ட லெப்டொப்புல நல்லா ஓடிச்சே, மச்சான்!”