தோள் இடுக்கு வலி: பயிற்சியே முதல் மருந்து

கையைப் பக்கவாட்டில் தூக்கத் தொடங்கும்போது வலி இருக்காது. 60 டிகிரி வாக்கில் சுரீரென்று பிடிக்கும். 120 டிகிரியைத் தாண்டினால் விட்டுவிடும். பரணில் இருக்கும் டப்பாவை எட்டி எடுக்கும்போதும், வலிக்கிற பக்கம் ஒருக்களித்துப் படுக்கும்போதும் இதே தொல்லைதான். இதுவே ‘ஷோல்டர் இம்பின்ஜ்மென்ட்’ எனப்படும் தோள் இடுக்கு வலி.

தோள்பட்டை எலும்பின் மேல்நுனியான அக்ரோமியனுக்கும் மேற்கை எலும்பின் உருண்டைத் தலைக்கும் நடுவே ஏறத்தாழ 1 செ.மீ. இடைவெளிதான் உண்டு. சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநாணும் பர்சா என்னும் மெல்லிய திரவப் பையும் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. கை உயரும்போது தசைநாண் எலும்பில் உரசுவதே வலிக்குக் காரணம் என்று 1972-ல் அமெரிக்க எலும்பு மருத்துவர் சார்லஸ் நீர் விளக்கினார். எலும்பின் விளிம்பைச் செதுக்கிவிடும் அறுவைச் சிகிச்சை அதன் பிறகு உலகெங்கும் பரவியது.

கேட்பதற்குப் பொருத்தமான விளக்கம்தான். ஆனால் பிரிட்டனில் 313 பேரிடம் நடத்தி, 2018-ல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வு அதை ஆட்டிவிட்டது. எலும்பைச் செதுக்கியவர்களுக்கும், துளையிட்டு உள்ளே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டவர்களுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

ஆகவே இன்று முதலிடம் பிசியோதெரபிக்கு. கையைத் தூக்கும் டெல்டாய்டு தசை, மேற்கை எலும்பை மேல்நோக்கியும் இழுக்கும். எலும்பின் தலையைக் குழியின் நடுவில் பிடித்துவைப்பவை ‘ரொட்டேட்டர் கஃப்’ என்னும் நான்கு தசைகள். தோள்பட்டை எலும்பும் சேர்ந்து சுழல வேண்டும். கை 180 டிகிரி உயர்வதில் ஏறக்குறைய 60 டிகிரி அதன் பங்கு. பயிற்சிகள் ரொட்டேட்டர் கஃபையும் தோள்பட்டை எலும்பைச் சுழற்றும் தசைகளையும் வலுப்படுத்துகின்றன.

அடிப்படைப் பயிற்சி எளிது. வலியில்லாத பக்கம் ஒருக்களித்துப் படுத்து, மேலே இருக்கும் கையின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே சுருட்டிய துண்டை வைக்க வேண்டும். முழங்கையை மடக்கி, துண்டு நழுவாமல் முன்கையை மட்டும் மெல்ல மேலே உயர்த்தி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். வெறுங்கையில் ஆரம்பித்து, பழகப் பழக எடை சேர்க்கலாம். சுவரில் கையூன்றித் தள்ளுவதும், ரப்பர் பட்டையைப் பின்னோக்கி இழுப்பதும் தோள்பட்டை எலும்பைத் தாங்கும் தசைகளுக்கானவை.

செய்யும்போது கொஞ்சம் வலித்தால் பயப்பட வேண்டியதில்லை. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த சுமார் 100 பேரிடம் ஸ்வீடனில் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், பத்துக்கு ஐந்து என்ற அளவு வரை வலி அனுமதிக்கப்பட்டது. அடுத்த வேளைப் பயிற்சிக்குள் அது தணிந்திருக்க வேண்டும். 12 வாரங்களுக்குப் பின், இந்தத் தசைகளைக் குறிவைத்த பயிற்சி செய்தவர்களில் 20 சதவீதத்தினரே அறுவைச் சிகிச்சை கேட்டார்கள். பொதுவான பயிற்சி செய்தவர்களில் 63 சதவீதம். இரண்டு வாரத்தில் பலன் தெரியவில்லை என்று விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியை அடக்கும். நெடுநாள் பலன் குறைவு.

எல்லாத் தோள் வலியும் இதுவல்ல. பிறர் தூக்கிவிட்டாலும் கை உயரவில்லை என்றால் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’ ஆக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடம் அது அதிகம். விழுந்து அடிபட்ட பின் கையைத் தூக்கவே முடியாவிட்டால் தசைநாண் கிழிந்திருக்கக்கூடும். பயிற்சியைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.