சிறுகோள் செய்தியும் ஊரின் அச்சமும்

சிறுகோள் ஒன்று பூமியை நெருங்குகிறது என்ற செய்தி வந்ததும் மக்கள் மனத்தில் முதலில் பதிவது ஓர் எண்: மோதும் வாய்ப்பு இத்தனை விழுக்காடு. அச்சம் அந்த எண்ணோடு ஏறுகிறது. எண் இறங்கும்போது அதைக் கவனிப்பவர்கள் குறைவு.

இதற்கு அப்போபிஸ் நல்ல சான்று. ஏறக்குறைய 340 மீட்டர் குறுக்களவுள்ள இந்தச் சிறுகோள் 2004 ஜூனில் அமெரிக்காவின் அரிசோனாவில் கண்டறியப்பட்டது. 2029 ஏப்ரலில் இது பூமியில் மோத 37-இல் ஒரு வாய்ப்பு, அதாவது 2.7 விழுக்காடு உண்டு என்று 2004 டிசம்பர் 27 அன்று கணக்கிடப்பட்டது. ஆபத்தை அளக்கும் டொரினோ அளவுகோலில் அது 4-ஆம் படியைத் தொட்டது. அந்த உயரத்தை வேறெந்தச் சிறுகோளும் இதுவரை எட்டவில்லை. ஆனால் உலகம் அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை. முந்திய நாள்தான் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் அதிர்ந்து சுனாமி எழுந்திருந்தது. மலேசியாவின் கெடா மாநிலத்தில், சுங்கைப் பட்டாணி அமைந்துள்ள கோலா மூடா மாவட்டத்தின் கடலோரத்தில், கோத்தா கோலா மூடாவின் மீனவர் வீடுகளை அலை அடித்து நொறுக்கியது. மலேசியாவில் 68 பேர் இறந்தனர். எண் எதுவும் சொல்லாமல் வந்த பேரிடர் அது. அதே 27-ஆம் தேதி, மார்ச் மாதத்தில் எடுத்த பழைய படங்களில் அப்போபிஸின் சுவடு கிடைக்கவே, 2029 மோதல் இல்லை என்பதும் உறுதியானது.

எண் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது? புதிதாகக் கண்ட சிறுகோளைச் சில இரவுகள் மட்டுமே பார்த்த நிலையில், பல ஆண்டுகள் கழித்து அது எங்கே இருக்கும் என்பதைப் புள்ளியாகக் குறிக்க முடியாது. பல லட்சம் கிலோமீட்டர் நீளும் ஒரு பட்டையாகத்தான் குறிக்க முடியும். பூமி அந்தப் பட்டைக்குள் சிறு துளியாகக் கிடக்கும். பார்வைப் பதிவுகள் சேரச் சேரப் பட்டை சுருங்கும். சுருங்கிய பட்டைக்குள் பூமி இன்னும் இருந்தால், அதன் பங்கு கூடும், விழுக்காடும் கூடும். பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி விலகியதும் எண் சட்டென்று சுழியத்துக்கு விழும். ஏறும் எண்ணைக் கண்டு சிறுகோள் திசைமாறி நம்மை நோக்கி வருகிறது என்று நினைப்பது தவறு. மாறுவது அதன் பாதை அன்று, நம் அறிவின் கூர்மை.

2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோளிலும் இதுவே நடந்தது. 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 விழுக்காடாக இருந்த வாய்ப்பு ஒரே வாரத்தில் ஏறத்தாழ இல்லாமல் போனது. அதன் ஆபத்துப் பாதை கிழக்குப் பசிபிக்கிலிருந்து தென்னாசியா வரை நீண்டதால் மும்பை, கொல்கத்தா பெயர்கள் செய்திகளில் அடிபட்டன. மலேசியா அந்தப் பாதையிலேயே இல்லை. புலனத்தில் (வாட்ஸ்அப்) வரும் ஒரு வரிச் செய்திக்கு இத்தனையையும் சொல்ல இடமில்லை. அங்கேதான் தீங்கு தொடங்குகிறது.

வானத்தைப் பற்றிய அச்சம் தமிழருக்குப் புதியதன்று. 1962 பிப்ரவரியில் கிரகங்கள் ஒரே ராசியில் கூடியபோது உலகம் அழியும் என்று இந்தியாவெங்கும் யாகங்கள் நடந்தன. 2016 பிப்ரவரியில் தமிழ்நாட்டின் நாட்றம்பள்ளி அருகே பொறியியல் கல்லூரி ஒன்றில் நிகழ்ந்த வெடிப்பில் ஒருவர் இறந்தார். விண்கல் விழுந்ததே காரணம் என மாநில அரசு அறிவித்தது. நாசா அறிவியலாளர்களோ, படங்களைப் பார்க்கையில் அது தரையில் நேர்ந்த வெடிப்பாகவே தெரிகிறது என்றனர். சோதனை முடியும் முன்பே காரணம் அறிவிக்கப்பட்டது பெரும் பிழை.

உண்மையான ஆபத்து எப்படி இருக்கும் என்பதை 2013 பிப்ரவரி 15 காட்டியது. ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறக்குறைய 20 மீட்டர் அளவுள்ள கல் வெடித்துச் சிதறியது. அதை முன்கூட்டி யாரும் கண்டிருக்கவில்லை. சுமார் 1,500 பேர் காயமடைந்தனர். பெரும்பாலும் கண்ணாடிச் சிதறல்களால். ஒளியைக் கண்டு சன்னலருகே போய் நின்றவர்களை, சற்றுப் பிந்தி வந்த அதிர்ச்சி அலை தாக்கியது. வானில் பேரொளி தெரிந்தால் சன்னலை விட்டு விலக வேண்டும் என்ற பாடம் பள்ளிகளில் சொல்லப்பட வேண்டியது.

தற்காப்பு வழிகளும் வளர்ந்துள்ளன. 2022 செப்டம்பரில் நாசாவின் டார்ட் விண்கலம் டைமார்பஸ் என்ற சிறுகோளில் மோதி, அதன் சுற்றுக்காலத்தை அரை மணி நேரத்துக்கும் சற்று மேலாகக் குறைத்தது.

அப்போபிஸ் பூமிக்கு மிக அருகே வரும் வேளை, மலேசிய நேரப்படி 2029 ஏப்ரல் 14 விடியுமுன் 5.46 மணி அளவில். அன்றுதான் சித்திரை முதல் நாள். தரையிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில், பல செயற்கைக்கோள்களுக்கும் கீழே, அது கடக்கும். அந்த நேரம் அது அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேலே இருப்பதால் கெடாவிலிருந்து தெரியாது. இன்னும் நூறாண்டுகளுக்காவது அது பூமியில் மோதாது என்பதை 2021-ஆம் ஆண்டு ரேடார் ஆய்வு உறுதிப்படுத்திவிட்டது. அந்தப் புத்தாண்டு நெருங்கும்போது அச்சமூட்டும் செய்தி கைக்கு வந்தால், பிறருக்கு அனுப்பும் முன் இந்த ஆய்வு முடிவை நினைவில் கொள்ளுங்கள்.