சிலிண்டருக்குள் கறள்: அவசரம் உடைத்ததைப் பொறுமை மீட்கும்

கிங்ஸ்பரிக்கும் மோட்டார்த் தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. கார்களுக்கு உடலமைக்கும் வான்டன் பிளாஸ் நிறுவனம் 1923 முதல் 1979 வரை இங்கேயே இயங்கியது. 1946 இல் அதனை வாங்கியது ஒஸ்ரின் நிறுவனம். யாழ்ப்பாண வீதிகளில் வாடகைக் கார்களாக ஓடிய ஏ40 வாகனங்களைச் செய்த அதே ஒஸ்ரின்தான்.

இதே கிங்ஸ்பரியில் வாழும் அன்பர் ஒருவர், தம் தந்தையார் ஊரில் வைத்திருந்ததைப் போன்ற மொறிஸ் மைனர் கார் ஒன்றை வாங்கினார். பல ஆண்டுகள் ஓடாமல் நின்ற வாகனம் அது. எஞ்சின் அணுவளவும் அசையவில்லை. சிலிண்டருக்குள் கறள் பிடித்து, பிஸ்டன் இறுகிவிட்டிருந்தது. பழைய இரும்புக்குக் கொடுத்துவிடுமாறு அயலவர் கூறினர். அவர் இணங்கவில்லை. அதற்கு ஒரு காரணம் இருந்தது.

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அவருடைய குடும்பமும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றடியில் விட்டுவிட்டுத் தென்மராட்சிக்குச் சென்றது. மறு ஆண்டு திரும்பி வந்தபோது, மாரி மழையில் நனைந்த இயந்திரம் இறுகிக் கிடந்தது. தோட்டம் வாடுகிறதே என்ற பதற்றத்தில் சுத்தியலால் அடித்தார், பிஸ்டன் வெடித்தது. மாற்றுப் பிஸ்டன் கிடைக்கவில்லை. அவ்வாண்டு மிளகாய்ப் பயிர் கருகிப் போயிற்று. "இயந்திரத்தைக் கறள் கொல்லவில்லை, என் அவசரமே கொன்றது" என்கிறார் அவர்.

கறள் ஏன் பிடிக்கிறது?

ஒரு லீற்றர் பெற்றோல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் ஆவியாக உருவாகின்றது. நெடுந்தூரம் ஓடி நன்கு சூடேறிய எஞ்சின் இதனைப் புகைக்குழாய் வழியே வெளியேற்றிவிடும். பாடசாலைக்கும் கடைக்குமென ஐந்து நிமிடம் ஓடி நிற்கும் எஞ்சினுக்குள் அது குளிர்ந்து தங்கிவிடும். நின்ற நிலையில் ஏதாவதொரு சிலிண்டரின் வால்வு திறந்திருக்கும். அதனூடே ஈரக் காற்றும் நுழையும். வார்ப்பிரும்புச் சுவரில் கறள் படர்ந்து, பிஸ்டனின் றிங்குகளைச் சுவரோடு ஒட்டிவிடும். 2021 செப்ரெம்பர் முதல் பிரித்தானியாவில் சாதாரண பெற்றோலில் பத்து வீதம் வரை எதனோல் கலக்கப்படுகிறது. எதனோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலால் நெடுநாள் நிறுத்தும் வாகனத்தில் பழைய பெற்றோலை விட்டுவைத்தல் நன்றன்று.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். ஸ்ராற்றரைக் கொண்டு சுழற்ற முயலாதீர்கள், றிங்குகள் முறியக்கூடும். பிளக்குகளைக் கழற்றி, சிறு விளக்கொளியில் உள்ளே பாருங்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கறள் நீக்கும் எண்ணெயையோ டீசலையோ சிறிதளவு விட்டு ஊற விடுங்கள். ஒரு நாளில் பயன் கிடைக்காவிடின் சோர்வடைய வேண்டாம். ஒரு வாரம், தேவையெனில் இரண்டு வாரம், இடைக்கிடையே எண்ணெய் விட்டுக் காத்திருங்கள். காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பு அணுகாதவாறு இதனைச் செய்தல் அவசியம்.

பின்னர் முன்புறக் கப்பியின் நட்டில் நீண்ட சாவியைப் பொருத்தி, முன்னும் பின்னுமாக மெல்ல அசையுங்கள். ஒரு மயிரிழை அசைந்தாலும் அது வெற்றியே. மீண்டும் எண்ணெய் விட்டுத் தொடருங்கள். நன்கு சுழலத் தொடங்கியதும், பிளக்குகளைப் பூட்டுவதற்கு முன்னரே எஞ்சினைச் சுழற்றி, தேங்கிய எண்ணெயை வெளியேற்றுங்கள். திரவம் அமுங்காது, அது உள்ளே இருக்கும்போது இயக்கினால் பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளையும். எஞ்சின் ஒயிலையும் மாற்றுங்கள். பழைய ஒயிலைச் சாக்கடையில் ஊற்றாது, நகரசபையின் மீள்சுழற்சி நிலையத்தில் ஒப்படையுங்கள்.

தலைப்பகுதியைக் கழற்றியவர்கள் சுவரை நகத்தால் தடவிப் பார்க்கலாம். மேலோட்டமான கறள் எனின், எண்ணெய் தோய்த்த மிக மெல்லிய உருக்குப் பஞ்சால் துடைத்து, துகள்கள் யாவற்றையும் அகற்றினால் போதும். நகம் தடக்கும் குழிகள் இருப்பின் துடைப்பதால் பயனில்லை. கடைச்சல் பட்டறையில் சிலிண்டரைப் பெருப்பித்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டும். அமிலம் ஊற்றுவோரும் உளர். அது அலுமினியப் பிஸ்டனையும் அரித்துவிடும் என்பதை மறவாதீர்கள்.

பொருளாதாரத் தடைக் காலத்தில், சில துளி பெற்றோலால் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்கள் நாம். அன்று கரி படிந்த பிளக்கை நாளுக்கு நாள் கழற்றித் துடைத்த கைகளுக்கு இவ்வேலை புதிதன்று. பிள்ளைகளையும் அருகில் அழைத்து, விளக்கைப் பிடிக்கச் செய்யுங்கள். கேட்காமலே அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

கிங்ஸ்பரி அன்பரின் எஞ்சின் பதினொராம் நாள் அசைந்தது. அன்று மாலை ஊரிலுள்ள தம் தாயாருக்குத் தொலைபேசி எடுத்தார். "இம்முறை அடிக்கவில்லை, அம்மா" என்றாராம். கிணற்றடியில் நடந்ததை அவரும் மறந்திருக்கவில்லை.